வாரம் ஒருமுறை என்று எழுதாத அட்டை

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சொன்னால் புரியாது. பாதி புரிந்தவர்கள், "அப்போ சுகருக்கு எந்த மாத்திரை நல்லது?" என்று அடுத்த கேள்வி கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை. மருந்துக்கடையில் நிற்கிறவளும் இல்லை. மாத்திரை அட்டையிலும் பெட்டியிலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளிலும் அச்சடித்த எழுத்தைச் சரிபார்க்கும் ஆபீஸில் வேலை செய்கிறேன். சரிபார்ப்பது என்று சொல்வதே பொய். அதைத்தான் எழுத வந்தேன்.

ஆபீஸ் செம்பூரில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது, ஆறு பேர். ஜெனரிக் மருந்துகள்தான் எங்கள் வேலை. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் செய்கின்றன. உள்ளே இருப்பது ஒன்று, மேலே இருக்கும் எழுத்து மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஊரெல்லாம் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம் இவற்றை மொத்தமாக வாங்குகிறது. ஒரு மருந்தை யார் செய்திருந்தாலும் அட்டையில் ஒரே விஷயம்தான் எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி எங்களிடம் கொடுத்தார்கள்.

இத்தனை அட்டைகளையும் ஒரு ஆள் உட்கார்ந்து படித்தால் மூன்றாம் நாளே கண் பொய் சொல்லும். அதனால் புரோகிராம். அட்டையைப் படம் பிடித்துப் போட்டால் அது எழுத்தைப் படித்துக்கொள்ளும். மருந்தின் பெயர் இது, எப்போது எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பது இது, எச்சரிக்கை இது என்று தனித்தனியாகப் பிரிக்கும். பிறகு ஒரு கம்பெனியின் வாசகத்தை மற்ற கம்பெனிகளின் வாசகத்தோடு வைத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. சிவப்பை மட்டும் நான் திறந்து பார்ப்பேன். பச்சையை யாரும் திறப்பதில்லை.

ஆரம்பத்தில் எல்லாமே சிவப்பாக வந்தது. எப்போது சாப்பிட வேண்டும் என்ற இடத்தில் ஒரு கம்பெனி 'மருத்துவர் சொன்னபடி' என்று போட்டிருக்கும். இன்னொன்று 'மருத்துவரின் ஆலோசனைப்படி'. மூன்றாவது, 'மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி'. எல்லாம் இங்கிலீஷில், எறும்பு சைஸ் எழுத்தில். மனுஷருக்கு மூன்றும் ஒன்று. புரோகிராமுக்கு மூன்றும் வேறு. காலையில் வந்து உட்கார்ந்தால் திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொன்றாகத் திறந்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று மூடி, மத்தியானத்துக்குள் மண்டை காய்ந்துவிடும். ஒருநாள் வெறுத்துப்போய் ஒரு விதி எழுதினேன். டாக்டரைக் கைகாட்டுகிற எந்த வாசகம் வந்தாலும் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள், அளவு சொல்லியாயிற்று என்று வைத்துக்கொள். சின்ன விதிதான். பாதிச் சிவப்புக்கு மேல் மறைந்துவிட்டது.

எங்கள் முதலாளி மாட்டுங்காவில் இருக்கிறார். பாலக்காட்டுக் குடும்பம். மருந்துக் கம்பெனியில் ரொம்ப வருஷம் இருந்து ரிட்டயர் ஆன பிறகு இந்த ஆபீஸை ஆரம்பித்தவர். என் மேஜைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"பேஷ். இப்பத்தான் மனுஷா பாக்கற மாதிரி இருக்கு" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் எல்லோருக்கும் வடா பாவ் வாங்கிக் கொடுத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த விதி ஓட ஆரம்பித்த சில நாளில் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை வந்தது. மூட்டு வாதத்துக்குக் கொடுப்பது. ஏழு கம்பெனி அட்டைகள். ஆறு அட்டையில் 'மருத்துவர் சொன்னபடி' என்ற வகை. ஏழாவது கம்பெனி மட்டும் அட்டையின் பின்பக்கம் கட்டம் கட்டி, 'வாரம் ஒருமுறை மட்டும். தினமும் சாப்பிடக் கூடாது' என்று போட்டிருந்தது. புரோகிராம் என்ன செய்யும்? ஆறுக்குப் பச்சை, ஏழாவதுக்குச் சிவப்பு. நான் சிவப்பைத் திறந்தேன். படித்தேன். 'கூடுதல் வாசகம், பொருட்படுத்த வேண்டாம்' என்று குறிப்பு எழுதி மூடினேன். அடுத்த மருந்துக்குப் போய்விட்டேன்.

அக்காவுக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தது அதற்குச் சில மாதம் கழித்து.

அக்கா தாராவியில் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது அங்கேதான். எனக்கு வேலை கிடைத்ததும் நான் செம்பூரில் ஒரு ரூம் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் கல்யாணம் ஆகியும் அதே சந்தில், நாலு வீடு தள்ளி. சட்டை தைக்கிற பட்டறையில் காலர் வைப்பது அவள் வேலை. காலையில் எழுந்தால் விரல் மடக்க முடியவில்லை என்றாள். "வெரலு பூரா வாழக்கா மாதிரி இருக்குட்டி. கத்திரிய புடிச்சா கீழ விழுது." தைலம் தேய், வெந்நீரில் வை என்று நானே இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் சயானில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் நல்ல டாக்டர். "ஹஃப்தே மே ஏக் பார்" என்று இரண்டு தடவை சொன்னார். சீட்டிலும் வாரம் ஒருமுறை, ஞாயிறு, நாலு மாத்திரை என்று எழுதினார். அக்காவுக்கு அவர் எழுதிய எழுத்து புரியாது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, எப்பத் திங்கணும்? வெறும் வயித்துலயா?"

எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ் வந்துகொண்டிருந்தது.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து, சாப்பிட்டுட்டுத் தின்னுக்கா. நாலு. அவ்வளவுதான்."

எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச். எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் என்பது சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். நல்ல அடையாளம் கொடுத்துவிட்டோம், மறக்க மாட்டாள் என்றுகூட நினைத்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம், "கோயிலுக்குப் போயிட்டு வந்து தின்னியா?" என்று கேட்பேன். "தின்னாச்சு" என்பாள். அந்த வீட்டில் அதற்குப் பேரே கோயில் மாத்திரை என்று ஆகிவிட்டது. அத்தானுடைய பிரஷர் மாத்திரை அலமாரியில். கோயில் மாத்திரை பிஸ்கட் டப்பாவில்.

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் இறங்கியது. கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், காலர் கத்தி மாதிரி நின்றது.

ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை போன் பண்ணினேன். பேச்சு குழறியது.

"வாயெல்லாம் புண்ணுட்டி. டீகூட இறங்கல."

"ஈஸ்டர் வரைக்கும் லெந்து காலம் பூரா உபவாசம் இருந்தேல்லா? சூடு. மோர் குடி."

சொல்லிவிட்டு போனை வைத்தேன். என் வாயில் வந்த வைத்தியம் அதுதான். மறுநாள் அத்தான் போன் பண்ணினார். அவர் பிளாஸ்டிக் பிரிக்கிற குடோனில் வேலை செய்கிறவர். எனக்குப் போன் பண்ணவே மாட்டார். "நீ ஒருக்க வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். ஆபீஸிலிருந்து பாதி நாளில் கிளம்பினேன். சயானுக்கு முன்னாலேயே டிராபிக்கில் பஸ் நின்றுவிட்டது. பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை, இறங்கி நடந்தேன்.

அக்கா தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கையில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். தொட்டால் கொதித்தது.

"பட்டறையில மூட்டப்பூச்சி கடிச்சிருக்கும்னு சொல்லுதா" என்றார் அத்தான். "நாலு நாளா ஒண்ணும் திங்கல. சொன்னா கேக்காம மாத்திரைய மட்டும் ஒழுங்காத் தின்னா."

"எந்த மாத்திரை?"

அவர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே வெட்டிய அட்டைத் துண்டுகள். தாராவியில் யாரும் முழு அட்டை வாங்குவதில்லை. எத்தனை வேண்டுமோ அத்தனையைக் கத்திரியால் வெட்டிக் கொடுப்பார்கள். பெட்டி கடையிலேயே இருந்துவிடும், உள்ளே வைத்த தாள் பெட்டியில் இருக்கும், வீட்டுக்கு வருவது துண்டு. ஒரு துண்டில் மருந்தின் பெயரில் பாதி இருந்தது. இன்னொன்றில் விலை மட்டும் இருந்தது. எல்லாம் காலி.

"குருத்தோலை ஞாயித்துக்கு முந்தின நாள்தான பதினாறு வாங்கின? அது ஒரு மாசத்துக்கு உள்ளது. எங்க?"

"முடிஞ்சிட்டு. பெரிய வியாழன் அன்னைக்கு அத்தானை அனுப்பி இன்னும் பன்னெண்டு வாங்கினேன்."

"எப்படிக்கா முடியும்?"

அவள் கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்தாள். நான் கத்துகிறேன் என்று அவளுக்குக் கோபம்.

"என்னத்துக்கு இப்படிக் கத்துத? நீதான சொன்ன, கோயிலுக்குப் போயிட்டு வந்து தின்னுன்னு. பரிசுத்த வாரம்லா, தெனமும் கோயில் உண்டும். தெனமும் போயிட்டு வந்து தின்னேன். ஒரு நாள் விடல. சனிக்கிழமை மட்டும் கோயில் இல்ல, அதனால திங்கல."

நான் மனசுக்குள் எண்ணினேன். குருத்தோலை ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஈஸ்டர். நாலு நாலாக இருபத்தெட்டு. ஏழு வாரத்துக்கு உள்ளதை எட்டு நாளில் தின்றிருக்கிறாள். அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். சனிக்கிழமை திங்காததைக்கூட என் வார்த்தைப்படிதான் செய்திருக்கிறாள்.

அத்தான் காலி அட்டையைக் காட்டியிருக்கிறார், கடைக்காரன் அதே மாதிரி வெட்டிக் கொடுத்திருக்கிறான். அந்த ஆளைப் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. என்னத்தைக் கேட்க? அவன் கையில் இருந்த பெட்டியிலும் வாரம் ஒருமுறை என்று எழுதியிருக்காது. அது எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூறடி ரோடு வரைக்கும் அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டே வந்தார். டாக்ஸி பிடித்து முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். மெத்தோட்ரெக்ஸேட், தினமும், ஏழு நாள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. மாற்று மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். இனி உடம்பு தானாக அணுக்களை உற்பத்தி பண்ண வேண்டும், அதுவரை ஒரு கிருமி தொற்றினால்கூட ஆபத்து, காத்திருக்க வேண்டும் என்றாள். பிழைப்பாளா என்று நான் நேராகக் கேட்டேன். "தேக்தே ஹை" என்றாள். பார்க்கலாம். அந்த வார்த்தைக்கு நான் என்ன செய்ய முடியும்?

போகிற போக்கில் அவள் இன்னொன்றும் கேட்டாள். "நீங்கள் படித்தவர்தானே? அட்டையில் வாரம் ஒருமுறை என்று போட்டிருக்குமே, பார்க்கவில்லையா?"

போட்டிருக்காது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏழில் ஆறு கம்பெனி போடவில்லை. போட்ட ஒரு கம்பெனியைத் தப்பு என்று ஒதுக்கினவள் நான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார முடியவில்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். வார்டு வாசலில் நின்ற காவல்காரம்மா, "அரே பாயி, ஒரு இடத்துல உக்காரு, எனக்குத் தலை சுத்துது" என்று திட்டினாள். அவளையும் முறைத்தேன். இரண்டு நாள் அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அத்தான் என்னைப் பார்த்து, "நீ இங்க நடந்து என்னத்துக்கு ஆவப் போவுது? ஆபீஸுக்குப் போ. நான் இருக்கேன்" என்றார். என்னைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நியாயம்தான். போனேன்.

போய் முதலில் மெத்தோட்ரெக்ஸேட்டைத் திறந்தேன். அக்கா வாங்கியது எந்தக் கம்பெனி என்று அட்டைத் துண்டின் நிறத்தை வைத்தே தெரிந்தது. திரையில் அது பச்சை. ஏழாவதைத் திறந்தேன். என் குறிப்பு அப்படியே இருந்தது. 'கூடுதல் வாசகம், பொருட்படுத்த வேண்டாம்.' அதை அழித்து, 'இதுதான் சரி, மற்ற ஆறும் தவறு' என்று எழுதினேன். பிறகு என் விதியை எடுத்துவிட்டு எல்லா மருந்தையும் மறுபடி ஓட்டினேன். திரை பழையபடி சிவப்பாகிவிட்டது. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டில் ஒரே மாதிரி வாசகம் போட்டிருந்த நாலு கம்பெனி அப்போதும் பச்சையாகவே நின்றது. புரோகிராமின் மேல் தப்பில்லை. ஒத்துப்போகிறதா என்று கேட்டோம். ஒத்துப்போகிறது என்றது. எல்லோரும் சேர்ந்து சொல்லாமல் விட்டால் அதற்கு அது சம்மதம்.

அன்று சனிக்கிழமை, முதலாளி ஆபீஸ் வரவில்லை. ரயில் ஏறி மாட்டுங்காவில் அவர் வீட்டுக்கே போனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமி காபி கொடுத்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அழுதுவிடுவேன் என்று பயம்.

"நீ கோபப்படறதுல அர்த்தம் இல்லைம்மா" என்றார். "மருந்துக்கடைக்காரா கேட்டது ஒத்துப்போறதான்னு. நாம ஒத்துப்போறதுன்னு சொன்னோம். சரியா தப்பான்னு அவா கேக்கலை."

"ஆறு பேரு வாயை மூடிக்கிட்டு இருந்தா அது ஒத்துப்போறதா சார்?"

"டெக்னிக்கலா, ஆமா."

டம்ளரை மேஜையில் வைத்தேன். வைத்தேன் என்றா சொல்வது, அடித்தேன். காபி அவர் பேப்பர் முழுக்கக் கொட்டியது. உள்ளேயிருந்து மாமி, "என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணும் இல்லை, காபி" என்றார் இவர்.

"என் அக்கா ஆஸ்பத்திரில கெடக்கா சார். பச்சை போட்ட அட்டைதான். தெனமும் தின்னிருக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தினமுமா? எத்தனை நாள்?"

"ஏழு."

அது என்ன மருந்து என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நனைந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் மடித்தார்.

"உனக்கு மருந்து தெரியாது. எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கணும்" என்றார். "நீ அந்த விதியை எழுதினப்போ பேஷ்னு சொன்னேனே."

அதற்கு நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம், அவர் பார்த்திருக்க வேண்டும். நானும் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேரும் பார்க்கவில்லை.

பிறகு உட்கார்ந்தேன். என்ன செய்யலாம் என்று சொன்னேன். தப்பான கணக்கில் சாப்பிட்டால் ஆளைக் கொல்லக்கூடிய மருந்துகள் எவை என்று ஒரு பட்டியல் வேண்டும். அந்த மருந்துகளுக்கு மட்டும், அட்டையில் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று புரோகிராம் தேட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு, எல்லாக் கம்பெனியும் ஒத்துப்போனாலும் சிவப்பு. பட்டியலை நான் போட முடியாது. அவர்தான் போட வேண்டும்.

"அப்புறம் இன்னொண்ணு சார். அந்த வாசகம் ஒரு மூலையில இருந்தாப் பத்தாது. ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலயும் இருக்கான்னு பாக்கணும்."

"அட்டையை முழுசா விக்கறதுதானே முறை?"

"முறையா? சார், நீங்க தாராவில ஒரு மெடிக்கல் முன்னால நின்னு பாத்திருக்கீங்களா?"

"இல்லை" என்றார். ஒத்துக்கொண்டாரே என்று கொஞ்சம் கோபம் இறங்கியது. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். எழுதுவார், நிறுத்துவார், கண்ணை மூடுவார், இன்னொன்று எழுதுவார். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். நடுவில் அத்தான் போன். காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி கேட்கிறாள் என்றார். சத்தம் போட்டு, "கஞ்சியா?" என்றேன். மாமி உள்ளேயிருந்து ஓடி வந்து, "கஞ்சியா? வெச்சுத் தரட்டுமா?" என்றார். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டுதான் அங்கிருந்து கிளம்பினேன். கஞ்சியும் ஒரு தூக்கில் வந்தது.

புது விதிகளை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. அறிக்கை போனது. மருந்துக்கடை வைத்திருக்கும் அந்த நிறுவனத்திலிருந்து நாலே வரியில் பதில் வந்தது. நாங்கள் கேட்டது ஒத்துப்போகிறதா என்பது மட்டும், மற்றது உங்கள் வேலை இல்லை, சிவப்பு அதிகமாக இருப்பதால் கடைகளுக்குச் சரக்கு போவது தாமதமாகிறது, பழைய முறையிலேயே அனுப்பவும். முதலாளி அதை எனக்கு அனுப்பி, 'என்ன பண்ணலாம்?' என்று ஒரு வரி போட்டிருந்தார். 'புது விதிகளை நான் எடுக்க மாட்டேன். எடுக்கிறதென்றால் நீங்களே எடுங்கள்' என்று பதில் போட்டேன். அவருக்கு எடுக்கத் தெரியாது. ஆபீஸில் தெரிந்தவர்கள் வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்றுவரை அவர்களிடம் அவர் சொல்லவில்லை. அறிக்கை சிவப்போடுதான் போகிறது. இந்த வேலை இன்னும் எத்தனை நாள் எங்களிடம் இருக்கும் என்று தெரியாது. பட்டியலில் இருக்கும் மருந்துகளில் இரண்டு கம்பெனி அட்டையை மாற்றியிருக்கின்றன. எங்களால் மாற்றினார்களா, தானாக மாற்றினார்களா, அதுவும் தெரியாது. அக்கா வாங்குகிற கம்பெனி மாற்றவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் விரல் மறுபடி வீங்கிவிட்டது. சயான் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்றார். எனக்குப் பயம். அவளுக்கு ஒன்றும் இல்லை. "வெரலு இல்லாட்டா எனக்கு என்ன சோலி இருக்கு? எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றாள். கிழமையை மட்டும் மாற்றலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து, கோயில் இல்லாத கிழமை எது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

"திங்கள்?"

"வீட்டு ஜெபம். நம்ம சந்துல."

"செவ்வாய்?"

"பெண்கள் ஐக்கியம். புதன் வேதபாடம். வெள்ளி உபவாச ஜெபம். சனி பட்டறையில டபுள் டூட்டி, எனக்கு நான் இருக்கதே மறந்துபோவும்."

"அப்ப வியாழன்."

"வியாழன் சும்மாதான். ஆனா பெரிய வியாழன் உண்டும்லா?"

"வருஷத்துக்கு ஒருநாள்தானக்கா அது!"

"கத்தாத. வாரத்துக்கு ஒருதரம் மட்டும் வார எதுவும் நமக்கு இல்லட்டி. எல்லாம் கூடக்குறைய வரும். தண்ணி, கரண்டு, சம்பளம். எதை வச்சு நான் ஞாபகம் வைக்க?"

அதனால் அட்டை அவள் வீட்டில் இல்லை. என் ரூமில் இருக்கிறது. முழு அட்டையாக வாங்குகிறேன், வெட்ட விடுவதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்து பையில் போட்டுக்கொண்டு தாராவிக்குப் போய், நாலு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, அவள் விழுங்குவதைப் பார்த்துவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு திரும்புகிறேன். அத்தான் சிரிக்கிறார். "நாலு மாத்திரைக்குச் செம்பூர்ல இருந்து ஒரு ஆளு. ராஜகுமாரில்லா நீ" என்று அக்காவைக் கேலி பண்ணுகிறார். என்னோடு அவர் பேசுவது பழையபடி ஆகிவிட்டது. ஆகவில்லை என்றாலும் நான் போவேன்.

போன வியாழன் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். புண் ஒன்றும் இல்லை, சுத்தமாக ஆறிவிட்டது. பிறகு கேட்டாள்.

"ஒரு வியாழக்கிழமை நீ வரலைன்னா?"

"வருவேன்."

"ரயிலு நின்னுட்டா? மழையில தண்டவாளம் முங்கிட்டா?"

"வருவேங்கேன்லா."

"வராட்டாலும் ஒண்ணும் இல்லட்டி. ஒரு வாரம் திங்காட்டா நான் சாவ மாட்டேன். தின்னாத்தான் சாவேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதி அட்டை பையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். வாசலில் செருப்பைப் போட்டதும் இன்னொரு முறை பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.